கல் தொங்கும் கூரை

கூரை விளிம்பைச் சுற்றிலும் கற்கள் தொங்கிக்கொண்டிருந்தன. சில தேங்காய் அளவு, சில நல்ல பூசணிக்காய் அளவு. கூரை முழுக்க வலை போர்த்தி, வலையைக் கயிறுகளால் பிணைத்து, கயிற்று நுனிகளில் கல்லைக் கட்டியிருந்தார்கள். காரை விட்டு இறங்கிய அக்கா பெட்டியைக்கூட எடுக்காமல் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா வீட்டுக் கூரைக்கு இப்படிக் கல்லு கட்டியிருக்கணும்டி,” என்றாள்.

அம்மா பிறந்த வீடு வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. கீற்றுக்கூரை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அந்தக் கரையில் ஏறியபோது கூரை மொத்தமாகப் போய்விட்டது. மாமா பிறகு கீற்று வேயவில்லை, தகரம் போட்டுவிட்டார். அக்காவும் நானும் அந்த வீட்டைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. பேசாமலே அது இரண்டு பேர் மனதிலும் கிடந்திருக்கிறது என்பது, உலகத்தின் இன்னொரு ஓரத்தில் அந்தக் கற்களைப் பார்த்ததும் தெரிந்தது.

நாங்கள் நின்றுகொண்டிருந்தது லூயிஸ் தீவில். ஸ்காட்லாந்தின் வடமேற்கே, அட்லாண்டிக் காற்றை முதலில் வாங்கிக்கொள்ளும் தீவுக்கூட்டத்தின் வடகோடி அது. அக்கா கிளாஸ்கோவில் செவிலியர். ஒரு ஜூன் மாதத்தில் அவளுக்கு விடுப்புக் கிடைக்க, நான் ஊரிலிருந்து போயிருந்தேன். உல்லாபூலில் கப்பலேறி, இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் கடலில் வந்து ஸ்டோர்னோவேயில் இறங்கினோம். அங்கிருந்து மரமே இல்லாத சதுப்பு வெளியைக் குறுக்கே கடந்தால் மேற்குக் கரையில் கார்லவே. அதற்கும் அப்பால், சாலை முடிகிற இடத்தில், கடலை நோக்கி இறங்கும் சரிவில் ஒன்பது வேய்ந்த வீடுகள். கியாரனன் என்று பெயர். அதில் ஒரு வீடு ஐந்து இரவுகளுக்கு எங்களுடையது.

சாவியைக் கொண்டுவந்த பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். கம்பளிச் சட்டை, சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ். கதவைத் திறந்துவிட்டு முதலில் கேட்டது சாப்பாட்டைப் பற்றித்தான்.

“நாளைக்கு ஞாயிறு. பால், ரொட்டி எல்லாம் வாங்கி வந்திருக்கிறீர்களா? இந்தப் பக்கம் கடை எதுவும் திறக்காது.”

வாங்கி வந்திருந்தோம். அரிசியும் பருப்பும் அக்கா கிளாஸ்கோவிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

இந்த மாதிரி வீட்டுக்கு அவர்கள் மொழியான கேலிக்கில் ‘டாய் டூ’ என்று பெயர், கறுப்பு வீடு. சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய புதுவகை வீடுகள் 19ஆம் நூற்றாண்டில் தீவுக்கு வந்தபோது அவற்றை வெள்ளை வீடு என்றார்கள். அதுவரை வெறுமனே வீடாக இருந்தது கறுப்பு வீடாகிவிட்டது. புதிது ஒன்று வந்த பிறகுதான் பழையதற்குப் பெயர் வைக்கிறோம். மாடி வீடு என்ற பேச்சு வராத காலத்தில் எங்கள் ஊரிலும் கூரை வீட்டைக் ‘கூரை வீடு’ என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

சுவரின் கனத்தை வாசற்படியில் நின்றபோதே உணர்ந்தேன். கதவைத் தாண்டியும் உள்ளே போய்ச் சேரவில்லை. கல்லுக்குள்ளேயே இரண்டு எட்டு நடக்க வேண்டியிருந்தது. வெளியே ஒரு கற்சுவர், உள்ளே ஒரு கற்சுவர், இரண்டிலும் சாந்து கிடையாது. நடுவில் மண்ணைக் கொட்டி இறுக்கியிருக்கிறார்கள். கல் அந்தத் தீவின் நைஸ் பாறை. ஐரோப்பாவின் மிகப் பழைய பாறைகளில் சேர்ந்தது, சில இடங்களில் 300 கோடி ஆண்டு வயதுடையது. சாம்பலும் இளஞ்சிவப்புமாக வரிவரியாக இருக்கும். கையை வைத்தால் ஜூன் மாதத்திலும் சில்லென்றிருந்தது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது கூரை உட்கார்ந்திருந்த விதம். நம் ஊர் வீடுகளில் கூரை சுவரைத் தாண்டி வெளியே நீளும். இறவாணத்திலிருந்து மழைநீர் சுவரை நனைக்காமல் தள்ளி விழும், அதன் கீழே திண்ணையில் உட்காரலாம். இங்கே இறவாணமே இல்லை. கூரை உட்சுவரின் மேல் உட்கார்ந்து அங்கேயே முடிந்துவிடுகிறது. சுவரின் தலை, மூன்று நான்கு அடி அகலத்துக்குப் புல் முளைத்த திண்டாக வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. கூரையில் விழும் மழை அந்தப் புல்லில் இறங்கி, நடுவிலிருக்கும் மண் வழியே மெல்லக் கசிந்து தரைக்குப் போகிறது. நம் கண்ணுக்கு இது தவறான கட்டுமானம், சுவரில் தண்ணீர் விடுகிற வேலை. ஆனால் நீட்டிய இறவாணம் என்பது காற்றுக்கு நாம் கொடுக்கும் கைப்பிடி. அதைப் பிடித்துத்தான் புயல் கூரையைத் தூக்குகிறது. இந்தத் தீவுக்காரர்கள் அந்தக் கைப்பிடியைக் கொடுக்கவில்லை. வீட்டின் மூலைகளையும் கூர்மையாக விடாமல் உருட்டிவிட்டிருக்கிறார்கள். தாழ்ந்து, திரண்டு, முதுகு காட்டிப் படுத்திருக்கும் செம்மறி ஆடு மாதிரி இருக்கிறது வீடு. மழையைச் சுவர் வாங்கிக்கொள்ளட்டும், காற்றுக்கு மட்டும் பிடி தரக்கூடாது என்று யாரோ ஒருவர், எப்போதோ, முடிவு செய்திருக்கிறார். எனக்கு அந்த முடிவின் மேல் பெரிய மரியாதை வந்தது.

உள்ளே எல்லாம் புதிது. மரப்பலகை பதித்த சுவர், மின் அடுப்பு, குளியலறையில் வெந்நீர், கனத்த மெத்தை. 1989இல் ஊர்க்காரர்களே ஒரு அறக்கட்டளை அமைத்து, இடிந்து கிடந்த வீடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டினார்கள். 2001இல் வேலை நிறைவுற்றுத் திறப்புவிழா நடந்தது. அதற்கு முன்? 1974இல் இங்கே கடைசியாக இருந்த சில முதியவர்கள், பக்கத்திலேயே அரசு கட்டிக் கொடுத்த புது வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கறுப்பு வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவில் மனிதர்கள் குடியிருந்த கடைசி ஊர்களில் இதுவும் ஒன்று. அவர்கள் போனதும் கூரை அதிக காலம் நிற்கவில்லை.

அன்று இரவு பத்தரை மணிக்கும் வெளியே வெளிச்சம் இருந்தது. 58 பாகை வடக்கு. ஜூனில் அங்கே இருட்டு முழுசாக வருவதில்லை, வடக்கு வானத்தில் ஒரு வெளுப்பு விடியும்வரை தங்கிவிடுகிறது. காற்று எழுந்தது. வெளியே போய் நின்றால் நிற்க முடியவில்லை, சேலையாக இருந்தால் கிழிந்திருக்கும். உள்ளே வந்து கதவை மூடினால் ஓசையே இல்லை. காது அடைத்துவிட்டதோ என்று நினைத்தேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, “அடி, கடலுக்குப் பக்கத்துல இவ்வளவு அமைதியா நான் தூங்கினதே இல்ல,” என்றாள். எங்களுக்குத் தெரிந்த கடலோர வீட்டில் காற்று கூடவே குடியிருக்கும். கீற்று சலசலக்கும், கதவு படபடக்கும். மழைக்காலத்தில் அம்மாச்சி தூங்கவே மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடியே இருந்தது. சாலையில் வண்டி இல்லை, கயிற்றில் துணி இல்லை. இந்தத் தீவின் கிறித்தவம் கண்டிப்பானது, ஓய்வுநாளை ஓய்வாகவே வைத்திருக்கிறது. ஸ்டோர்னோவேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமையில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியதே 2009 ஜூலையில்தான்; அதற்குப் பெரிய எதிர்ப்பும் இருந்தது. வெளியூர்க்காரர்கள் இதைக் குறையாகச் சொல்வதைக் கப்பலில் கேட்டேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறு நாளும் வேலையே உடம்பாக இருந்த மக்கள் ஏழாம் நாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது.

நாங்கள் கடலோர ஒற்றையடிப் பாதையில் டால்மோர் வரை நடந்தோம். இடப்பக்கம் பாறை முகடுகளுக்குக் கீழே கடல் வெள்ளையாகச் சிதறிக்கொண்டிருந்தது. அந்த நீருக்கு அப்பால் மேற்கே நேராகப் போனால் முதலில் வரும் கரை கனடாவின் லாப்ரடார். டால்மோரில் மணல் பிறைபோல் வளைந்து கிடக்கிறது. மணலுக்கு மேலேயே கல்லறைத் தோட்டம். கடல் அரித்துவிடாமல் தடுப்புச்சுவர் கட்டியிருக்கிறார்கள். ஒரே மாதிரி மூன்று நான்கு குடும்பப் பெயர்கள் கல்லுக்குக் கல் திரும்பத் திரும்ப வருகின்றன. கடலில் இறந்தவர்கள், போரில் இறந்தவர்கள்.

இந்தத் தீவில் அவை இரண்டும் ஒன்றாக நடந்த ஓர் இரவு உண்டு. முதல் உலகப்போர் முடிந்து, கடற்படையில் பணியாற்றிய தீவு இளைஞர்களைப் புத்தாண்டுக்கு வீட்டுக்குக் கொண்டுவந்த ‘இயோலேர்’ என்ற கப்பல், 1919 ஜனவரி 1 அதிகாலை, ஸ்டோர்னோவே துறைமுக வாயிலில் பாறையில் மோதியது. கரை சில கஜ தூரம். வீடுகளில் அடுப்பு மூட்டி, மாற்றுடை காயவைத்துக் காத்திருந்தார்கள். 201 பேர் மாண்டார்கள். ஜான் எஃப். மெக்லவுட் என்ற படகு கட்டும் இளைஞர் ஒரு கயிற்றோடு நீந்திக் கரையேறினார். அந்தக் கயிற்றைப் பிடித்து ஏறக்குறைய நாற்பது பேர் பிழைத்தார்கள். போர் நான்கு ஆண்டும் விட்டுவைத்தவர்களை வீட்டு வாசலில் கடல் எடுத்துக்கொண்டது. இதைப் பற்றிப் பல பத்தாண்டுகள் தீவில் வாய் திறந்து பேசவே மாட்டார்கள் என்று பெரியவர் பின்னால் சொன்னார். நான்கு ஆண்டு கழித்து, 1923 ஏப்ரலில், ‘மெட்டகாமா’ என்ற கப்பல் ஸ்டோர்னோவேயிலிருந்து ஏறத்தாழ 300 பேரைக் கனடாவுக்கு ஏற்றிக்கொண்டு போனது. பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதினர். வீடு வேய வேண்டிய கைகள்.

திங்கட்கிழமை ஆர்னலுக்குப் போனோம், வண்டியில் அரை மணிக்கும் குறைவான பயணம். அங்கே 42ஆம் எண் வீட்டை, 1966இல் அதன் குடும்பம் விட்டுப்போன நிலையிலேயே அருங்காட்சியகமாகப் பாதுகாக்கிறார்கள். நாங்கள் தூங்கிய வீடு ஒருகாலத்தில் எப்படி இருந்திருக்கும் என்பதை அங்கேதான் பார்த்தேன்.

தலையைக் குனிந்து உள்ளே போனதும் கண் எரிந்தது. தரைக்கு நட்ட நடுவில் தீ. புகைபோக்கி இல்லை. புகை எழுந்து, கூரையின் கீழ் தேங்கி, வைக்கோலுக்குள் புகுந்து தன் வழியைத் தேடிக்கொள்கிறது. தீயின் இந்தப் பக்கம் மரப்பெட்டி போன்ற கட்டில்களும் பாத்திரங்கள் அடுக்கிய அலமாரியும். அந்தப் பக்கம், அதே கூரையின் கீழ், மாட்டுத் தொழுவம். மனிதர்களும் மாடும் நுழைய ஒரே வாசல். குளிர்காலம் முழுக்க மாடு உள்ளேயே நிற்கும், அதன் உடம்புச் சூடு வீட்டுக்குச் சூடு. சாணத்தை அள்ளாமல் குவிய விட்டு, வசந்தம் வந்ததும் தொழுவத்து ஓரச் சுவரைக் கொஞ்சம் பிரித்து வயலுக்கு வாரிப் போவார்கள். சாந்து இல்லாத சுவராக இருந்ததால் பிரிக்கவும் அடுக்கவும் முடிந்தது.

எரிகிற பொருள் பீட். விறகுக்கு மரமில்லாத தீவில், சதுப்பு வெளியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் மக்கிப் படிந்த கரிமண்ணையே வெட்டி எடுத்துக் காயவைக்கிறார்கள். அது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்போல்தான் வளரும். ஒரு மீட்டர் ஆழம் தோண்டினால் ஆயிரம் ஆண்டுக்குக் கீழே இறங்கியாயிற்று. சித்திரை, வைகாசியில் நீண்ட காம்பும் பக்கவாட்டு அலகும் கொண்ட தனி மண்வெட்டியால் ஒருவர் வெட்ட, இன்னொருவர் செங்கல் போன்ற ஈரக்கட்டியைக் கையில் வாங்கிப் புல்மேல் பரப்புவார். காய்ந்ததும் நாலைந்தாகச் சாய்த்து நிறுத்தி, பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து போர் போடுவார்கள். முதுகில் கூடையைச் சுமந்துகொண்டு, நடக்கும்போதே கையால் கம்பளி பின்னிக்கொண்டு வரும் பெண்களின் பழைய புகைப்படங்களைத் தீவில் பல இடங்களில் பார்த்தோம். அக்கா அவற்றில் ஒன்றின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

அந்த அடுப்பு அணைவதே இல்லை. இரவில் வீட்டுக்காரி தணலைச் சாம்பலால் மூடி வைப்பாள், காலையில் சாம்பலை விலக்கிப் புதுக்கட்டி வைப்பாள். பகலிரவாகப் புகை. அந்தப் புகையை நினைத்துத்தான் சென்ற நூற்றாண்டின் சுகாதார அதிகாரிகள் இந்த வீடுகளைக் கடுமையாக எழுதினார்கள். நுரையீரலுக்கு அது கெடுதல் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை, அக்காவுக்கு அறவே இல்லை. ஆனால் அதே புகை கூரையை உள்ளிருந்து உலர்த்தியது, பூச்சியை விரட்டியது, கூரை மரங்களை உளுக்காமல் காத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வைக்கோலில் கரியாகப் படிந்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கரியேறிய வைக்கோலைக் கூரையிலிருந்து உரித்து வயலுக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். உருளைக்கும் வாற்கோதுமைக்கும் அதைவிட நல்ல உரம் அங்கே கிடையாது.

இதை அறிந்ததும் நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாற்கோதுமை விளைந்தால் தாள் கூரைக்குப் போகிறது. கூரையில் ஓராண்டு புகை குடித்துவிட்டு அது வயலுக்குத் திரும்புகிறது. வயலில் மறுபடி வாற்கோதுமை. ஆண்டுக்கு ஒருமுறை அந்த வீடு வயலுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. நிற்பது கல்தான், ஆனால் வீடு என்று அவர்கள் எதைச் சொன்னார்களோ அது இந்தப் போக்குவரத்து. ஒரு வசந்தத்தில் அது நின்றால் வயலும் மெலியும், கூரையும் ஒழுகும். கியாரனனின் கூரைகள் ஏன் அவ்வளவு சீக்கிரம் விழுந்தன என்பது எனக்கு ஆர்னலில்தான் புரிந்தது.

நாங்கள் தங்கிய வீட்டுக் கூரையில் கரி ஏறாது. அதன் கீழே புகையில்லை, மாடில்லை. உரித்துப் போட வயலும் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. விருந்தினர் கொடுக்கும் வாடகைதான் இன்றைக்கு அந்தக் கூரையை மாற்றி மாற்றி வேய்கிறது. அது இல்லாவிட்டால் ஒன்பதும் கற்குவியலாகவே கிடந்திருக்கும். ஊர்க்காரர்களே சேர்ந்து செய்தது என்பதால், அந்தப் பணமும் ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. ஆனாலும் அன்று இரவு வெந்நீரில் குளித்துவிட்டு மெத்தையில் படுத்தபோது, இதே இடத்தில் ஒரு பெண் ஈரப் பாவாடையோடு கூடையை இறக்கி வைத்திருப்பாள் என்ற எண்ணம் போகவில்லை.

கல்லுக்கும் மரத்துக்கும் அந்த ஊரில் தனித்தனிச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நிலம் பண்ணையாருடையது. சுவர் நிலத்தோடு சேர்ந்தது. கூரை மரம் குடியானவனுடையது. மரமே இல்லாத தீவில், கடல் ஒதுக்கிய கட்டை, உடைந்த கப்பலின் பலகை என்று பொறுக்கிச் சேர்த்த மரம். வெளியேறச் சொன்னால் சுவரை விட்டுவிட்டுக் கூரை மரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். 1844இல் இந்தத் தீவு முழுவதையும் விலைக்கு வாங்கியவர் ஜேம்ஸ் மாத்திசன். அவருடைய செல்வம் சீனாவுடன் நடத்திய வணிகத்தில் வந்தது, அதில் பெரும்பங்கு இந்தியாவில் விளைந்த அபினி. ஸ்டோர்னோவே துறைமுகத்துக்கு எதிரே மரங்கள் சூழ நிற்கும் மாளிகை அவர் கட்டியது. 1886இல்தான் சட்டம் வந்து, குடியானவர்களை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி உரிமை கொடுத்தது. நாளை இருப்போமா என்று தெரியாதவன் சுவருக்குச் சாந்து பூசமாட்டான். கறுப்பு வீட்டைப் பார்த்து இந்த மக்கள் ஏன் இப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க மழை. கியாரனனிலேயே ஒரு வீட்டைப் பழைய மாதிரி வைத்திருக்கிறார்கள், அதில் ஒரு தறி ஓடுகிறது. ஹாட்டர்ஸ்லி தறி, இரும்பாலானது, மின்சாரம் வேண்டாம். நெசவாளர் இரண்டு காலையும் மாறி மாறி மிதிக்க, பாவு இழைகள் பிரிந்து சேர, நாடா தடதடவென்று இங்குமங்கும் பாய்கிறது. ஹாரிஸ் ட்வீட் என்று உலகமெங்கும் விற்கும் துணி இதுதான். அந்தப் பெயருக்கே 1993இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது: இந்தத் தீவுகளில் சாயமேற்றி நூற்ற சுத்தக் கம்பளியாக இருக்க வேண்டும், தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்ய வேண்டும். ஆலையில் நெய்தால் அந்தப் பெயர் கிடையாது. ‘வீட்டில்’ என்ற சொல் ஒரு சட்டத்தின் நடுவில் இருப்பதைக் கேட்டு எனக்கு நம் ஊர்க் கைத்தறிக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள், கொஞ்சம் பொறாமையும் வந்தது. அந்தத் துணியை அருகில் வைத்துப் பார்த்தால் அது ஒரே நிறமில்லை. பழுப்பு என்று நினைத்தது சதுப்பு நிலத்துப் பழுப்பு, பாறைப்பாசி ஆரஞ்சு, ஹீதர் என்ற புதர்ச்செடிப் பூவின் ஊதா எல்லாம் கலந்தது.

மழை விட்ட சாயங்காலம் டுன் கார்லவேயும், மறுநாள் காலனிஷும் பார்த்தோம். காலனிஷின் நெடுங்கற்கள் 5,000 ஆண்டுக்கு அருகிலான பழமை உடையவை, பார்ப்பவர்களும் அதிகம். எனக்கு டுன் கார்லவேதான் நெருக்கமாக இருந்தது. 2,000 ஆண்டுக்கு முந்திய வட்டக் கோபுரம், ஒரு பக்கம் இடிந்து மறுபக்கம் 9 மீட்டர் நிற்கிறது. இடிந்த பக்கத்தில் சுவரின் உள்ளே பார்க்கலாம். அதுவும் இரட்டைச் சுவர்தான், சாந்து கிடையாது. இரண்டுக்கும் நடுவே மண்ணுக்குப் பதில் ஆள் ஏறிப்போகும் படி. இரட்டைச் சுவர் எழுப்பும் கை அந்தக் கரையில் அவ்வளவு காலம் இருந்திருக்கிறது.

ஸ்டோர்னோவேக்குச் சாமான் வாங்கப் போன அன்று எனக்குச் சொந்தமாக ஒரு வேலை இருந்தது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் மெக்கன்சி சுவடிகள் என்று ஒரு தொகுதி உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதிவாங்கிய வரலாறுகள், கோயில் கதைகள், கல்வெட்டுப் படிகள். கல்லூரியில் படித்த காலத்தில் அவற்றில் சிலவற்றின் அச்சுப்படியைப் புரட்டியிருக்கிறேன். அவற்றைச் சேர்த்த காலின் மெக்கன்சி 1754 வாக்கில் பிறந்த ஊர் இந்த ஸ்டோர்னோவே. இங்கே சுங்க அலுவலராக இருந்து, 1783இல் சென்னைக்குக் கப்பலேறினார். மைசூரை அளந்தார், 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார், 1821இல் கல்கத்தாவில் இறந்தார். திரும்பி வரவே இல்லை. அவரோடு உழைத்த காவலி வேங்கட போரய்யா, லட்சுமய்யா போன்ற நம்மவர்கள் இல்லாவிட்டால் அந்தச் சுவடிகள் இல்லை என்பதும் உண்மை. துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளின் நடுவே நின்று, இங்கிருந்து போன ஒருவர் நம் ஊர்க் கதைகளைப் போய்க் கேட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கேலிக் பேசும் தீவிலிருந்து போனவர் அவர். அந்தத் தீவுகளில் இன்று கேலிக் பேசுபவர்கள் 2022 கணக்கெடுப்பின்படி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டார்கள்.

புறப்படும் நாள் காலையில் பெரியவர் ஏணியோடு வந்தார். முந்தைய இரவுக் காற்றில் எங்கள் வீட்டுக் கூரையின் கடலோரப் பக்கம் ஒரு கயிறு தளர்ந்திருந்தது. நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு வெளியே வந்தோம். சுவர்த் திண்டின் புல்மேல் ஏறி நின்று வேலை செய்தார். இறவாணம் இல்லாத சுவரின் இன்னொரு உபயோகம் அப்போதுதான் தெரிந்தது.

“இந்தக் கயிறு எதில் செய்தது?” என்று கேட்டேன்.

“இது இப்போதைய நைலான். என் தாத்தா காலத்தில் ஹீதர் புதரைத் திரித்தே கயிறு செய்வார்கள், கை புண்ணாகிவிடும். அப்புறம் என் அப்பா காலத்தில் ‘கொய்ர்’ வந்தது. கடையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். உங்கள் பக்கத்திலிருந்துதானே வந்தது?”

கொய்ர். மலையாளத்துக் ‘கயர்’ ஆங்கிலத்துக்குப் போய் அப்படி ஆயிற்று. நம் கயிறு. அக்கா அவர் முகத்தையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள். தேங்காய்மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டு, அடித்து, நாரெடுத்துத் திரித்த ஏதோ ஒரு பெண்ணின் கயிறு, இந்தச் சரிவில் காற்றோடு இழுபட்டிருக்கிறது. அம்மாச்சி வீட்டுக் கீற்றையும் அதே கயிற்றால்தான் வரிச்சில் கட்டியிருந்தார்கள்.

“எங்கள் அம்மா வீடும் அந்தக் கயிற்றில் கட்டிய கூரைதான்,” என்று அக்கா அவரிடம் சொன்னாள். “புயலில் போய்விட்டது.”

அவர் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, “யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?” என்று கேட்டார்.

“இல்லை.”

தலையை அசைத்துவிட்டு, கயிற்று நுனியை மேலிருந்து கீழே விட்டார். “அந்தக் கல்லைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறீர்களா?”

நான் கல்லைத் தூக்கினேன். நினைத்ததைவிடக் கனம். அக்கா கயிற்றை அதன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, அம்மாச்சி வாளிக்குப் போடும் முடிச்சைப் போட்டாள். அவர் இறங்கி வந்து, விரலால் முடிச்சைத் தடவி, கல்லைப் பிடித்து ஒருமுறை பலமாக இழுத்துப் பார்த்தார்.